பதினாலு சென்டிமீட்டர் நியாயம்

மீன் பிடிக்கப் போனவன் திரும்பி வந்து இரண்டு கையையும் அகல விரித்து, "இந்தா பெரிசு!" என்று அளப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை குளச்சல் பக்கத்தில் நான் பார்த்தது நேர் மாறு. என் சினேகிதன் கையை விரிக்கவே இல்லை. விரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் பிடித்த பதினேழு மீனும் தனித்தனியே உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ்.

எங்கள் மாவட்டக் கடற்கரையில் கடல் அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல்லை அடுக்கி, கடலுக்குள் வளைத்துக் கட்டியிருப்பார்கள். அரசாங்கம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தூண்டில் வளைவு.' தூண்டில் மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். நாங்கள் பெயரை அப்படியே நம்பி, ஞாயிறுதோறும் தூண்டிலோடு போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

சினேகிதன் வங்கி அதிகாரி. ஆன்லைனில் வரவழைத்த எட்டாயிரம் ரூபாய்க் கம்பு, ரீல், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பதினாறு பை வைத்த சட்டை எல்லாம் உண்டு. இத்தனை வேஷத்தையும் பார்த்தால் பெரிய மீன் ஏதாவது பக்கத்தில் வருமா? அனுபவமில்லாத பாரைக் குஞ்சுகள்தான் வந்து கடித்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து வாளியில் போட்டு, பதினேழையும் கல் மேல் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் ஏற்றினான். நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

பக்கத்துக் கல்லில் ஒரு பாட்டா. எழுபதைத் தாண்டியவர். கட்டுமரத்தில் போய்ப் போய்க் காய்ப்புக் காய்த்த கை. கம்பு கிடையாது, ரீல் கிடையாது. விரலில் சுற்றிய நரம்பு, ஒரு ஈயக்குண்டு, ஒரு முள். அவ்வளவுதான். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, இதுக்க அம்மைக்குத் தெரியுமா, பிள்ளையள நீ கூட்டிட்டு வந்தது?"

சினேகிதனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் லோன் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "பாட்டா, விசைப்படகுக்காரன் ஒரே இழுப்பில் டன் கணக்கில் குஞ்சை அள்ளிக் கோழித் தீவனத்துக்குக் கொடுக்கிறான். அவனை விட்டுவிட்டு என் பதினேழு மீனுக்குக் கணக்குக் கேட்கிறீர்களே?" என்றான்.

பாட்டா சிரித்தார். "அவனையும் கேப்பேன். அவன் தூரத்துல நிக்கியான். நீ கிட்ட இருக்கே, கேட்டியா?"

இதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. பொழுதுபோக்குக்குக் கடலில் தூண்டில் போடுகிறவனுக்கு, இவ்வளவு சைஸ், இத்தனை எண்ணிக்கை என்று ஒரு வரம்பு வேண்டுமா, வேண்டாமா?

நான் பி.காம். மீனின் உடற்கூறு எனக்குத் தெரியாது. முதலும் வட்டியும் தெரியும். மீன் ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகு பிடித்தால் அது வட்டியைச் சாப்பிடுவது. முட்டையிடும் முன்பே பிடித்தால் முதலைச் சாப்பிடுவது. சைஸ் வரம்பு, முதலில் கை வைக்காதே என்கிறது. எண்ணிக்கை வரம்பு, வட்டியையும் ஒரே நாளில் எடுத்துவிடாதே என்கிறது. இதை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்வார்.

நம் பக்கத்து வீட்டில் ஒத்துக்கொண்டும் விட்டார்கள். நீரோடியைத் தாண்டினால் கேரளா. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்தபடி, 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். 2017-ல் அது 58 வகையானது. சாளைக்கு 10 சென்டிமீட்டர். அயிலைக்கு 14. வாளைக்கு 46. அதற்குக் கீழே பிடித்தால் குற்றம். இது படகுக்காரர்களை மனதில் வைத்துப் போட்ட விதிதான். ஆனால் சாளைக்குப் பத்து சென்டிமீட்டர் வேண்டும் என்பது, பிடிக்கிறவன் வலை போடுகிறானா கம்பு போடுகிறானா என்று பார்த்து மாறுகிற சமாச்சாரம் இல்லை. மீனுக்கு மாநில எல்லையும் தெரியாது. நீரோடிக்கு அந்தப் பக்கம் மைனராக இருக்கும் அயிலை, இந்தப் பக்கம் நீந்தி வந்ததும் மேஜராகிவிடுமா?

காலத்துக்கு வரம்பு வைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். அதிலும் குமரி மாவட்டத்துக்காரர்கள் இரட்டைப் பாக்கியசாலிகள். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால், அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை லீவு. குளச்சல் மேற்குக் கடற்கரைக் கணக்கு. இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்! இரண்டுமே 61 நாள். நாட்டுப் படகுக்கும் கரையில் உட்காரும் என் மாதிரி ஆசாமிக்கும் இந்தத் தடை கிடையாது. கடைக்குத்தான் லீவு, எங்கள் கைக்கு இல்லை.

வெளிநாட்டில் பொழுதுபோக்குக்காரனை இப்படிச் சும்மா விடுவதில்லை. இங்கிலாந்தில் கடல் பாஸ் என்ற மீன் 42 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கடலில் திரும்ப விடவேண்டும். அளவு சரியாக இருந்தாலும் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று விரல் விட்டு எண்ணுகிற கணக்கு; அதுவும் மீன் இருப்பைப் பார்த்து அவ்வப்போது மாறும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே 'பாரமுண்டி' என்று கொண்டாடப்படும் மீன், நம் ஊர்க் கொடுவாதான். ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களில் பிடிபடுமே, அதே ஆள். அங்கே அதற்கு 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் போகக்கூடாது, 120-க்கு மேலேயும் போகக்கூடாது. குட்டியைப் பிடிக்காதே என்பது புரிகிறது. பெரிய மீனை ஏன் விடவேண்டும்?

இங்கேதான் கொடுவாவின் குடும்ப ரகசியம் வருகிறது. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து முதிர்கிறது. சில வருஷம் அப்பாவாகக் காலம் தள்ளிவிட்டுப் பிறகு பெண்ணாக மாறிவிடுகிறது! ஆக, பெரிய கொடுவாவெல்லாம் பெரும்பாலும் அம்மாக்கள். லட்சக்கணக்கில் முட்டையிடுகிறவர்கள். "பெருசாப் பிடிச்சேன்" என்று நாம் மார்தட்டும்போது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். கலவா மீனில் இது தலைகீழ். பெண்ணாகத் தொடங்கி, பெரிதான பிறகு சில ஆணாகின்றன. பெரிசாகப் பார்த்துப் பிடித்தால் அங்கே மாப்பிள்ளைப் பஞ்சம். (இதை வீட்டில் படித்துக் காட்டினேன். "ஆம்பிளை பொறுப்பு வந்ததும் பொம்பிளையாக மாறிவிடுகிறது, சரியாகத்தான் இருக்கிறது" என்றாள் மனைவி. கொடுவாவைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.)

சரி, சின்னதைத் திரும்ப விட்டுவிட்டால் பாவம் தீர்ந்ததா? அதிலும் சிக்கல் இருக்கிறது. காய்ந்த கையால் பிடித்தால் மீன் மேலுள்ள வழவழப்பு போய்விடும். அதுதான் அதற்குச் சட்டை, கவசம் எல்லாம். கையை நனைத்துக்கொண்டுதான் தொடவேண்டும். வெயிலில் சுட்ட கல் மேல் போட்டு, போட்டோ எடுத்து, நாலு பேருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு விட்டால் அது விடுதலை அல்ல, நல்லடக்கம். சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். தின்பதானால் பிடி, விளையாட்டுக்கு அதன் வாயில் முள்ளைக் குத்தாதே என்கிறார்கள். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

எங்கள் ஊருக்கும் பிடித்துவிட்டு விடுகிற வழக்கத்துக்கும் அவ்வளவு ராசி இல்லை என்பது சரித்திரம். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது டிலனாய் என்ற அதிகாரி சிக்கினார். ராஜா அவரைத் திரும்பக் கடலில் விடவில்லை. வைத்துக்கொண்டு, தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொல்லித் தளபதியாக்கிவிட்டார். நல்ல சைஸ் என்று நினைத்திருக்க வேண்டும்.

சட்டமும் நமக்குப் புதிதல்ல. வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக்கூடாது என்று 1897-லேயே இந்திய மீன்வளச் சட்டம் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் 1879-ல், நீலகிரியில் வேட்டைப் பிராணிகளையும் மீனையும் காக்க மட்டும் வெள்ளைக்காரன் தனிச் சட்டம் போட்டான். தான் பொழுதுபோக்குகிற இடத்தில் மீன் தீர்ந்துவிடக்கூடாது என்ற கவலை அவனுக்கு இருந்தது. நமக்கு?

இத்தனையும் படித்துத் தேர்ந்த பண்டிதனாக இந்த ஞாயிறு மறுபடி போனேன். அஞ்சாம் வகுப்புப் படிக்கும் மகனும் கூட வந்தான். பாட்டா அதே கல்லில் இருந்தார். "பாட்டா, நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு சட்டம் போட்டு எல்லாரையும் அளக்க வைக்கவேண்டும்" என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கொள்ளாம். சட்டம் வந்தா ஸ்கேல் பிடிச்சவன் மொதல்ல யார்கிட்ட வருவான்? கடலுக்குள்ள போவானா, இந்தக் கல்லுக்கு வருவானா?" என்றார். "எனக்கு இப்ப கடலுக்குப் போவ வலு இல்ல. நாலு மீனு கெடச்சா ரெண்டு கறிக்கு, ரெண்டு விக்க. நானும் தூண்டல்தான் போடுகேன், உனக்க கூட்டுக்காரனும் தூண்டல்தான் போடுகான். சட்டத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணா?"

என் பி.காம். அங்கே நின்றுவிட்டது. அவர் கேட்டதுதான் உண்மையான கேள்வி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் கையிலும் ஒரே நரம்புதான் தொங்குகிறது. ஆனால் ஒருத்தர் வயிற்றுக்குப் பிடிக்கிறார். ஒருத்தன் வாட்ஸ்அப்புக்குப் பிடிக்கிறான். எண்ணிக்கை வரம்பு என்று ஒன்று வந்தால் அது இரண்டாம் ஆளுக்கு வரவேண்டும். அதைச் சட்டமாக எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் வரியில் எழுதவேண்டும். பிடித்ததை விற்காதவனுக்கு, விற்க வேண்டிய தேவை இல்லாதவனுக்கு, இத்தனைதான் என்று. சைஸ் வரம்பு எல்லாருக்கும் பொது. அதில் விசைப்படகுதான் முதல் வரிசை. ஆனால் அது வரட்டும் பிறகு பார்க்கலாம் என்று நாம் காத்திருக்க என்ன அவசியம்? மீன் இல்லாவிட்டால் பாட்டாவுக்கு ராச்சாப்பாட்டில் குறையும். எங்களுக்கு ஒரு போட்டோ குறையும். விட்டுக்கொடுப்பது யாருக்கு லேசு?

சினேகிதனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தான். பிறகு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஆனது. ஆளுக்கு மூன்று மீன். குஞ்சு வந்தால் கையை நனைத்துக்கொண்டு உடனே விடுவது. போட்டோ, வீட்டுக்குக் கொண்டுபோகிற மீனுக்கு மட்டும்.

"அப்போ குழம்புக்கு?" என்பது மனைவியின் கேள்வி. தெருவில் வரும் மீன்கார அக்காவிடம் வாங்கு என்றேன். நான் விட்ட மீனை அவர்கள் வீட்டில் யாராவது பிடிக்கட்டும். அது அவர்களுக்குச் சம்பளம். ஆனால் வாங்கும்போது குஞ்சு மலிவாக இருக்கிறதே என்று கூறு கட்டி வாங்கக்கூடாது என்றும் சொன்னேன். வாங்க ஆள் இருக்கிறவரைக்கும் அள்ள ஆள் இருப்பான். மனைவி உடனே நெத்தோலிக் கூறு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுவும் குஞ்சுதானா?" என்று மடக்கினாள். மீன்கார அக்காதான் என்னைக் காப்பாற்றினார். "நெத்தோலி கெழவியானாலும் இம்புட்டுத்தான் மோளே. பொடி மீனுன்னா எல்லாம் குஞ்சாவுமா?" அதனால்தான் மீனுக்கு மீன் வேறு வேறு அளவு. ஆராய்ச்சி நிலையம் அட்டவணை போட்ட விஷயம், கூடை தூக்குகிறவருக்கு அட்டவணை இல்லாமலே தெரிந்திருக்கிறது.

அன்று கல்லில் நடந்த கடைசிச் சமாச்சாரத்தைச் சொல்லி முடிக்கிறேன். மகனின் தூண்டிலில் ஒரு அயிலை மாட்டியது. அவன் வாழ்க்கையில் முதல் மீன்! குதித்தான். குதித்து முடித்ததும் அவனாகவே ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். (ஞாயிற்றுக்கிழமை அதை எதற்கு எடுத்து வந்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. போன வாரம் நான் படித்துக் காட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.) பள்ளிக்கூட ஸ்கேல் பதினைந்து சென்டிமீட்டர். அயிலைக்குப் பதினாலு. கையை நனைத்து, மீனை ஸ்கேல் மேல் வைத்துப் பார்த்தான்.

பதின்மூன்று.

என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். முதல் மீன், ஒரே ஒரு சென்டிமீட்டர், கேரளாச் சட்டம்தானே, அதுவும் படகுக்குத்தானே என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றுவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பயல் குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டான். அது ஒரு கணம் சாய்ந்து கிடந்தது. பிறகு வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது.

பாட்டா பார்த்துக்கொண்டே இருந்தார். "போட்டும் மக்கா. நாளைக்கு எனக்க தூண்டல்ல வரும்" என்றார்.

"நாளைக்கே வேண்டாம் பாட்டா. இன்னும் ஒரு சென்டிமீட்டர் வளரட்டும்" என்று சொல்லிவிட்டு, பயல் ஸ்கேலை அவரிடம் நீட்டினான்.

பாட்டா அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் கோடுகளை எண்ணினார். அப்புறம் மடியில் செருகிக்கொண்டார்.

பயலுக்குப் புது ஸ்கேல் வாங்கவேண்டும். செலவுக் கணக்கில் எழுத மனசு வரவில்லை. முதலீடு என்று எழுதிவிட்டேன்.