மாதிரியும் செய்துகாட்டலும்

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் ‘மாதிரி’ என்னும் சொல் அளவுக்கு மீறிய பொருட்சுமையைத் தாங்கி நிற்கிறது. (பேச்சுவழக்கில் உவம உருபாக அது ஆற்றும் பணி வேறு.) புள்ளியியலில் அது தொகுதியிலிருந்து எடுத்த ஒரு கூறு, உயிரியலில் மூலத்திற்கு ஈடாக நிற்பது. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் உலோகத் தகடுகளையும் தண்டுகளையும் கொண்டு டி.என்.ஏ.வுக்கு அமைத்த வடிவம் இத்தகையது. மூலம் முன்னது, மாதிரி பின்னது. பொருந்தாவிடில் திருத்தப்படுவது மாதிரியே.

நடத்தை அறிவியலில் இவ்வரிசை தலைகீழாகிறது. 1961-இல் ஆல்பர்ட் பண்டுராவும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில் 72 மழலையர் பங்கேற்றனர். அவர்களுள் 24 பேர் காண, காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்துக் காட்டினார். அவர்கள் பின்னர் அச்செயல்களை ஏனையோரினும் மிகுதியாகச் செய்தனர். இங்கு ‘மாதிரி’ எனப்படுபவர் அப்பெரியவர். அவரே மூலம், குழந்தையின் செயல் அதன் படி.

இவரை ‘முன்மாதிரி’ எனப் பெயர்ப்பாரும் உளர். அது பொருந்தாது. தமிழில் முன்மாதிரி என்பார் போற்றிப் பின்பற்றத் தக்கவர். பொம்மையை அடித்தவருக்கு அப்பெயர் சூட்டினால் ஆய்வின் கருத்தே திரிந்துவிடும். தீயதும் கண்டு கற்கப்படும் என்பதன்றோ அவ்வாய்வு உணர்த்தியது? ‘செய்துகாட்டல்’ என்பது புகழும் பழியும் ஏற்றாத சொல். வினையடியாகப் பிறந்தமையால் ‘செய்துகாட்டுநர்’ என ஆக்கம் பெறவும் வல்லது. கற்பவர் பக்கத்திற்குக் ‘கண்டுகற்றல்’ போதும். ‘மாதிரியாக்கம்’ உயிரியலுக்கும் கணிதத்திற்கும் உரியதாக நிற்கலாம். உளவியல் பாடநூல்கள் அதனை விட்டுவிடுவதே தக்கது.