படத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ

வட்டம் கீறச் சொன்னோம். மெசின் முட்டை கீறித் தந்தது. முதல் முட்டைக்குச் சிரித்தோம். நாலாவது முட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் 120 கீ டெக்குக்கு ஓடர் இருந்தது. அட்வான்ஸ் காசில் பலகை வாங்கி முடித்தாயிற்று. கொடுத்து முடிக்க ஐந்தே நாள்.

கலைப்பீடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் காசு போட்டு வாங்கிய சின்ன லேசர் மெசின் அது. மேசையில் வைக்கிற அளவு, நீல ஒளி டயோட் வகை, மரத்திலும் தோலிலும் எழுத்தைச் சுட்டுப் பொறிக்கும். "ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்காத ஆளில்லை. பட்டம் முடிச்சு வேலை கேட்டு வெயிலில் குந்துறதுக்கு முதல் கொஞ்சம் காசு பாப்பம் எண்டுதான் என்று சொல்லிச் சமாளித்தோம். அந்தக் கேள்வி எங்களுக்குள்ளேயும் இருந்தது என்பது மெசின் பிழைத்தபோதுதான் தெரிந்தது. எங்களில் ஒருத்தரும் மெசினைத் தொடவில்லை. ஆளைத்தான் தேடினோம்.

ஆள் லேசாகக் கிடைத்தது. டெக்கில் வரும் எழுத்தையும் அதைச் சுற்றிய வட்டத்தையும் கணினியில் கீறித் தந்தது எங்களோடு புதிதாகச் சேர்ந்த முதலாம் வருடப் பிள்ளை. "நீ கீறினதுதான் பிழை" என்றோம். இல்லை அக்கா, நான் அளந்து பாத்தனான் என்றாள். திரும்பக் கீறு என்றோம். இரண்டு இரவு நித்திரை முழித்து எல்லாவற்றையும் புதிதாகக் கீறிக்கொண்டு வந்தாள். அதுவும் முட்டைதான். எல்லோருக்கும் முன்னால் அவளுக்குப் பேச்சு விழுந்தது. சீனியர் ஜூனியர் கொடுமைகளைப் பற்றி இங்கேயே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிற நாங்கள்தான் அதைச் செய்தோம்.

பிறகு எங்களில் ஒருவர் செட்டிங்குக்குள் இறங்கினார். இந்தச் சின்ன மெசின்கள் பலதும் ஜி.ஆர்.பி.எல் என்ற இலவச மென்பொருளில்தான் ஓடுகின்றன. மோட்டர் எத்தனை அடி எடுத்து வைத்தால் லேசர் தலை ஒரு மில்லிமீற்றர் நகரும் என்று அதில் ஒரு இலக்கம் இருக்கிறது. எங்கள் மெசினில் அது 80. எங்கிருந்தோ வந்த இலக்கமில்லை அது. மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும், ஒவ்வொரு அடியையும் 16 ஆகப் பிரிக்கிறார்கள், மொத்தம் 3200. பற்சில்லில் 20 பல், பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மில்லிமீற்றர், ஆகவே ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீற்றர். 3200ஐ 40ஆல் வகுத்தால் 80. பல் எண்ணிக்கை மாறாதவரைக்கும் இந்தக் கணக்கும் மாறாது.

ஆனால் 50 மில்லிமீற்றர் சதுரம் கீறினால் குறுக்கே 49தான் வந்தது, நெடுக்கே சரியாக 50. நண்பர் இலக்கத்தை 81.63 ஆக்கினார். சதுரம் சரியாக 50 வந்தது! கைதட்டினோம், ரீ குடித்தோம். அடுத்து 100 மில்லிமீற்றர் கோடு கீறினோம். 101 வந்தது.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். எங்கட வயசுக்காரருக்கு எதையும் திரையில் இருந்தபடியே சரிக்கட்டலாம் என்ற நம்பிக்கை கூடிப்போய்விட்டது. இலக்கத்தை மாற்றினால் விடை சரியாக வருகிறது, அதனால் பிழையும் போய்விட்டது என்று நினைக்கிறோம். பிழை போகவில்லை, மூடுபட்டது அவ்வளவுதான். எங்கள் மெசின் திசை திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீற்றரை விழுங்கிக்கொண்டிருந்தது. 50 கீறினாலும் ஒன்று, 100 கீறினாலும் அதே ஒன்று. நீளத்தோடு கூடிக் குறையாத நட்டத்தை இலக்கத்தைப் பெருக்கி ஈடுசெய்ய முடியாது. இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். கணக்கு வராது என்றுதானே ஆர்ட்ஸுக்கு வந்தோம் என்று நாங்களே பகிடி விட்டுக்கொண்டிருந்ததால் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தது, நாங்கள் திட்டிய அந்தப் பிள்ளைதான். "அக்கா, இலக்கத்தைப் பழையபடி 80க்கு வைச்சிட்டு, படத்தை 90 பாகை திருப்பிப் போட்டு ஒருக்கா அடிச்சுப் பாப்பமே?" என்றாள். அடித்தோம். எழுத்து பக்கவாட்டில் படுத்துவிட்டது. முட்டை மட்டும் படுக்கவில்லை, முந்தி எந்தப் பக்கம் ஒடுங்கியிருந்ததோ அதே பக்கமே ஒடுங்கியிருந்தது. பிழை படத்தில் இருந்திருந்தால் படத்தோடு சேர்ந்து திரும்பியிருக்க வேண்டும். அது திரும்பாமல் மெசினோடு நின்றுவிட்டது. ஒரு நிமிட வேலை. ஒரு துண்டுப் பலகைதான் செலவு. இதை முதல்நாளே செய்திருந்தால் அவள் இரண்டு இரவு முழித்திருக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு மெசினைக் கரியரில் கட்டிக்கொண்டு வழமையாகப் போகும் சைக்கிள் கடைக்குப் போனோம். லேசர் ஐயாவுக்குத் தெரியாது. ஆனால் சில்லு, பெல்ட், நட் எல்லாம் தெரியும். "கரண்டைக் கழட்டிப்போட்டு கையால தள்ளிப் பாத்தனீங்களோ பிள்ளையள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நாங்கள் ஆளையாள் பார்த்தோம். தலையை மெதுவாக இடம் வலமாக அசைத்தார். ஒரு சின்ன 'டக்'. நெடுக்கே அசைத்தபோது அந்தச் சத்தம் இல்லை. மோட்டர் அச்சுக்கும் பற்சில்லுக்கும் குறுக்காக மார்க்கர் பேனையால் ஒரு கோடு போட்டு இன்னொருக்கா அசைத்தார். கோடு இரண்டாக விலகி, திரும்பவும் சேர்ந்தது. அச்சில் பற்சில்லை இறுக்கிப் பிடிக்கிற கடுகளவு ஸ்குரூ தளர்ந்திருந்தது. அச்சின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பதால் பற்சில்லு முழுதாக வழுக்கிச் சுற்றவில்லை, திசை மாறும்போது மட்டும் கொஞ்சம் பிந்தித் திரும்பியிருக்கிறது. அதுதான் அந்த ஒரு மில்லிமீற்றர்.

அவரிடம் அவ்வளவு சின்ன எலன் கீ இல்லை. பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் 1.5 மில்லிமீற்றர் ஒன்று வாங்கி, ஸ்குரூ அந்தத் தட்டைப் பக்கத்தில் நேராக உட்காரும்படி பார்த்து இறுக்கினோம். போன வேகத்தில் எல்லாவற்றையும் முறுக்கப் பார்த்த எங்களுக்கு ஐயாவிடம் ஏச்சு விழுந்தது. சில்லை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஓடாது, ஓடினாலும் தேயும் என்றார். சட்டத்தில் ஓடுகிற சில்லுகளுக்கும் அதுதான் கணக்கு. மையம் விலகிய நட் ஒன்றைத் திருப்பித்தான் அவற்றை இறுக்கலாம் தளர்த்தலாம். தலை ஆடக்கூடாது, ஆனால் ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும்.

அன்றிலிருந்து வேறு பிழைகளையும் பார்த்துவிட்டோம். நெடுக்கே இரண்டு பக்கமும் பெல்ட் இருக்கிற மெசினில் ஒரு பக்கம் தொய்ந்தால் சதுரம் சரியும், மூலைக்கு மூலை அளந்தால் பிடிபடும். பாதி வேலையில் படம் திடீரென்று ஒரு பக்கம் தள்ளிப்போனால் வயர் எங்காவது கொழுவி இழுக்கிறதா, வேகத்தைக் கூட்டிவிட்டோமா என்று பார்க்கவேண்டும். இதெல்லாம் லேசரை அணைத்துவிட்டுச் செய்கிற வேலை. எரியும்போது அந்த ஒளிக்கென்று செய்த கண்ணாடி போடாமல் கிட்டப் போகவே கூடாது, மெசினைத் தனியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. இன்னொன்று, பி.வி.சி. சீற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதில் வைக்காதீர்கள். அது எரிந்தால் வருகிற அமிலப் புகை மெசினை அரிக்கும், அதற்கு முதல் உங்கள் நெஞ்சை.

டெக்குகளை இரண்டு நாள் பிந்திக் கொடுத்தோம். வாங்கியவர்கள் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், மிச்சக் காசைத் தந்தார்கள். பழுதான 17 முட்டைகளும் ஒரு சொப்பிங் பையில் கிடக்கின்றன. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம், எல்லோருக்கும் முன்னால் திட்டியதால் எல்லோருக்கும் முன்னால்தான் கேட்டோம். பரவாயில்லை அக்கா என்றாள். எலன் கீ இப்போது அவளுடைய சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது, மெசினைப் பார்ப்பதும் அவள்தான். வேலைக்கு ஒழுங்காக வருகிறாள், ஆனால் முந்தி மாதிரி வேலை முடிந்து எங்களோடு ரீ குடிக்க நிற்பதில்லை.