விற்ற பொருளுக்கு ஏது பூட்டு?

சந்தையில் குவித்திருந்த தானியத்தினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை அடியில் மறைத்த அவ்வியாபாரியைப் பெருமானார் கண்டித்த செய்தியை அறியாத முஸ்லிம் இரார். ஆயினும் அவ்வியாபாரிக்காக ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. விற்றுப் பணம் பெற்ற பின்னர், வாங்கியவன் வீட்டினுள் புகுந்து அவன் தானியத்தில் நீர் ஊற்றவில்லை. நம் காலத்துப் பிரிண்டர் வியாபாரிகள் அதையும் செய்துவிட்டனர்.

2016 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எச்.பி. நிறுவனத்தின் ஆபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பல, முதல் நாள் வரை ஏற்றுவந்த பிற நிறுவனத்தாரின் மைக்கூடுகளைப் பழுதுற்றவை என்று கூறித் தள்ளின. மைக்கூட்டில் பழுதில்லை. மாதங்களுக்கு முன்னரே இணையத்தின் வழியே அனுப்பப்பட்ட மென்பொருளில் அந்த நாள் குறித்து வைக்கப்பட்டிருந்தது. மைக்கூட்டின் சில்லு தன்னுடையதன்றேல் மறுத்துவிடு என்பதே அதன் கட்டளை. இதற்குப் 'புதுப்பித்தல்' என்று பெயர்! பொய்யுரைக்க இயந்திரத்துக்குக் கற்பிப்பது புதுப்பித்தலாயின், கன்னக்கோலையும் திறவுகோல் எனலாம்.

பழுது நீக்கவே வரும் என்று நம்பி வாங்கியவன் திறந்து வைத்த வாயில் அது, ஓர் அமானிதம். அதன் வழியே பூட்டு வந்த பிறகு, மெய்யாகவே பாதுகாப்புக்கென வரும் மென்பொருளையும் அவன் ஐயுறமாட்டானா?

எதிர்ப்பு மூண்டதும், அம்மாத இறுதியிலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பூட்டை நீக்கும் மாற்று மென்பொருள் தர இசைந்தது. அது வருந்தியது, தெளிவாக அறிவிக்காமைக்கே; பூட்டியதற்கன்று. வழக்கமும் நிற்கவில்லை. 2020 டிசம்பரில் இத்தாலியப் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது.

தரமற்ற மை பொறியைக் கெடுக்கும் என்கின்றனர். கெடுக்கலாம். அவ்வாறு கெட்டதற்குத் தாம் பொறுப்பல்லர் என்று கூறட்டும், தடுப்பார் யார்? பிரிண்டரை மலிவாக விற்று மையிலேயே இலாபம் காண்கிறோம் என்பதுதான் அவர்களுடைய மெய்யான வாதம். மலிவாக விற்கச் சொன்னவர் யார்? தானியத்தின் ஈரம் இங்கேதான் இருக்கிறது: பொறியின் விலையை மைக்கூட்டினுள் ஒளித்து வைத்திருக்கின்றனர்.

விற்பனை நிறைவேறியதும் உடைமை வாங்கியவனைச் சேரும் என்பது ஃபிக்ஹு நூல்களின் தொடக்கப் பாடம். அவ்வுடைமையைப் பயன்படுத்த விடாத நிபந்தனை, வாய்விட்டுப் பேசப்பட்டிருந்தாலும் செல்லாது என்பர் சட்டமேதைகள் பலர். பேசப்படாதது எங்ஙனம் செல்லும்? 2017 மே 30 அன்று லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், மைக்கூட்டை விற்றதோடு அதன் மீதான காப்புரிமை தீர்ந்தது என்றே தீர்த்தது. ஆயின் அத்தீர்ப்பு வழக்காடுவதைத்தான் தடுத்தது. சில்லு வைத்துப் பூட்டுவதைத் தடுக்கவில்லை.

பிறர் மையை இப்பொறி ஏற்காது என்பதைப் பெட்டியின் மேல், விலைக்கு அருகில், விலை அச்சிட்ட அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும். பின்னால் வரும் மென்பொருளை மறுக்கும் உரிமையை வாங்கியவனிடமே விடட்டும். அவ்வளவு அச்சிட அவர்களிடம் மைக்கா பஞ்சம்?