முதல் காரும் தயாரிப்பு மாதமும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முதல் கார் தேடும் நம் மாணவர்கள், பழைய வண்டிகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் பிழையில்லை. விலையையும் ஓடிய தூரத்தையும் துருவித் துருவிக் கேட்பவர்கள் தயாரிப்பு மாதத்தைக் கேட்பதில்லை என்பதே நம் ஆதங்கம். பதிவுச் சான்றிலேயே அது இருக்கிறது.

2014இல் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது, காற்றுப்பை இல்லாத ஆல்டோ 800, நானோ இரண்டும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. (லட்ச ரூபாய்க் கார் என்று 2008இல் நாம் கொண்டாடிய அதே நானோ!) புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநருக்கான காற்றுப்பை அவ்வாண்டு ஜூலையில். அதற்கு முந்தைய மலிவு வண்டிகள் பலவற்றில் இரண்டும் இரா.

இவ்விரு ஊர்களையும் இணைப்பது கொல்லம் நெடுஞ்சாலை; கேரளம் செல்லும் லாரிகளுக்கு நடுவேதான் புது ஓட்டுநர் கைபழக வேண்டும். சில ஆயிரம் மிச்சமென்று 2016ஆம் ஆண்டு வண்டியை எடுப்பதைவிட, இன்னும் ஓராண்டு பேருந்தில் போய்ப் பணம் சேர்க்கலாமே?