ஓசூர் விமான நிலையத்திற்குக் கடன் தருவோரின் ஐயங்களை முன்கூட்டியே தீர்க்கக் கோரும் மனு

பெறுநர்: நிர்வாக இயக்குநர், தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனம், சென்னை; மாவட்ட ஆட்சித் தலைவர், கிருஷ்ணகிரி.

அனுப்புநர்: ஜவளகிரி வட்டாரத்து விவசாயிகளும் சிறுதொழில் நடத்துவோரும் சேர்ந்த சங்கத்தார்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பிரயாணிகள் வந்துபோகத்தக்க விமான நிலையம் அமையுமென்று 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப் பேரவையில் அறிவித்தபோது, கேழ்வரகையும் ரோஜாவையும் நம்பி வாழும் எங்கள் எல்லைப்புறத்து ஜனங்கள் அடைந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. அது நிறைவேற வேண்டுமென்ற ஒரே ஆவலால் இவ்விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறோம்.

தனியார் முதலீட்டில் பொதுப்பணி நடக்குமிடத்து, அதற்கென்றே நிறுவப்படும் கம்பெனியின் வருங்கால வருமானத்தையே பெரும்பாலும் நம்பி நெடுங்காலக் கடன் தரவேண்டியிருப்பதால், வங்கியாளர்கள் அப்பணி ஊருக்கு எவ்வளவு அவசியம் என்று விசாரிப்பதற்கு முன், வசூல் என்று தொடங்கும், எதனால் தடைப்படும், தடைப்பட்டால் நஷ்டம் யாரைச் சாரும் என்பவற்றையே விசாரிக்கின்றனர். பிறர் போட்ட வைப்புத்தொகைக்குக் காவல் நிற்போர் அவ்விதம் கேட்பது நியாயமே.

இதற்குத் திருப்பூரே சாட்சி. 1995-ல் நிறுவப்பட்ட நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஆற்று நீரைச் சாயப்பட்டறைகளுக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் கொண்டுவந்தது. தண்ணீர் வரவில் பஞ்சம் நேருமோ என்ற கவலைக்கெல்லாம் பரிகாரம் தேடப்பட்டது. ஆனால் சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்டதன் காரணமாகப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தண்ணீர் இருந்தும் வாங்குவோர் இல்லாமற்போய், வருமானம் சுருங்கியது. சுற்றுச்சூழல் வேறு, கடன் கணக்கு வேறு என்று எண்ணியிருந்தோர்க்கு அது பெரும் பாடம்.

ஓசூர் விஷயத்தில் முதல் ஐயம் பெங்களூரிலேயே இருக்கிறது. மைசூரும் ஹாசனும் நீங்கலாக, 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் வேறு நிலையம் வளர இடந்தராத நிபந்தனை பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் உள்ளது. 2008 மே மாதம் திறந்த அந்நிலையம் 25 ஆண்டு நிறைவெய்தும் 2033 வரை அது நீடிக்கும். அங்கே கடன் தருவோர்க்கு அரணாய் நிற்கும் அதே நிபந்தனை இங்கே கடன் தருவோர்க்குத் தடையாகிறது.

ஆகையால், இந்நிபந்தனை குறித்து மத்திய அரசின் முடிவை எழுத்துமூலம் பெற்ற பின்னரே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டுமென்றும், அதற்கு முன்பே நிலம் முழுவதும் கையகப்படுத்தப்பட்டு, பட்டாதாரர் ஒவ்வொருவருக்கும் இழப்பீடு பட்டுவாடாவாகியிருக்க வேண்டுமென்றும், பன்னேருகட்டாவிலிருந்து ஜவளகிரிக் காட்டிற்கு வந்துபோகும் யானைகளின் வழித்தடத்தை, பின்னொரு நாள் வழக்கு மன்றத்தில் விளங்கிக்கொள்ளாமல், இப்போதே ஆய்ந்தறிய வேண்டுமென்றும் கோருகிறோம். கடனுக்கு அரசு உத்தரவாதம் அளிப்பதாயின், அதன் உச்சவரம்பைச் சட்டப் பேரவையில் வெளியிட வேண்டும். வரி செலுத்துவோர் தாங்கப்போகும் பாரம் அவர்களுக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

கையெழுத்தாகுமுன் ஒப்பந்த வரைவைத் தமிழிலும், இவ்வட்டாரத்தார் பேசும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைத்து, எங்கள் ஆட்சேபங்களைக் கேட்டருளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தார், ஜவளகிரி.