நம் மண்ணை நாமே ஆய்வோம்!

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மரமும் புள்ளும் விலங்கும் மக்கள்தொழிலும் அவற்றின்வழியே அமைவன எனக் கண்டது நம் திணைநெறி. இன்றோ, அம் முதற்பொருள் இரண்டனுள் ஒன்றாகிய பொழுதே நிலைதிரிந்து வருகின்றது. பொறித்தொழில் பெருகுமுன் காற்றின் பத்து இலக்கம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரிவளி, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. வெம்மை ஏறுகின்றது, மழை முறை தவறுகின்றது. பொழுது திரிந்தால் கருப்பொருள் என்னாகும்?

திறந்த வயலில் இதற்கு விடை காண்பது அரிது. வெயிலும் வறட்சியும் பூச்சியும் ஒருங்கே தாக்குமிடத்து, எதனால் எது விளைந்தது எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஆகவேதான், மண்ணையும் செடியையும் கூடத்துள் வைத்து, வெப்பம், ஈரம், ஒளி, கரிவளி ஆகியவற்றை வேண்டும் அளவில் நிறுத்தி, ஒன்றை மட்டும் மாற்றி விளைவை அளக்கின்றனர் அறிஞர். கலிபோர்னியாவில் 1949-இல் வென்ட் என்பார் நிறுவிய பயிர்க்கூடம் இதற்கு முன்னோடி. தில்லி வேளாண் ஆய்வு நிறுவனத்தில் 1997-இல் அத்தகையது ஒன்று திறக்கப்பெற்றது.

இம் முயற்சிகளுள் ஒன்று நமக்கு நல்ல பாடம். அரிசோனாவில் கண்ணாடியால் மூடிய பெருங்கூடத்துள் காடும் வயலும் சிறுகடலும் அமைத்து, 1991-இல் எண்மர் ஈராண்டு வாழப் புகுந்தனர். ஒன்றரை ஆண்டிற்குள் உயிர்வளி 21 விழுக்காட்டினின்று 14 விழுக்காட்டளவிற்குத் தாழ்ந்தது. வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. வளமிக்க மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர்களே அதனை உண்டு தீர்த்தன. கூடத்தை அறிந்தோர் மண்ணை அறிந்திலர்!

புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஆய்வு நடுவம் உள்ளது. 'வம்பன் 8' முதலிய உளுந்து வகைகள் அங்குப் பிறந்தவை. ஐதராபாத்தில் உளுந்தை மேற்புறம் திறந்த கூடுகளில் வளர்த்தோர், கரிவளி மிகுந்தபோது செடியும் விளைச்சலும் மிகுந்தன என 2007-இல் வெளியிட்டனர். இது கேட்டு மகிழ்ந்துவிடலாகாது. பூக்கும் பொழுது வெம்மை மிகுந்தால் பயறுச்செடி பூவுதிர்க்கும். கரிவளி கூட்டிய விளைவை வெம்மை கவர்ந்துகொண்டால் உழவனுக்கு எஞ்சுவது யாது? ஆலங்குடி வட்டத்துச் செம்மண்ணில், கண்மாய் வற்றிய கோடையில், இதற்கு விடை என்ன? ஐதராபாத்து மண் இதனைச் சொல்லாது.

ஆதலின், வம்பனில் இத்தகைய கூடம் ஒன்றை அரசு எழுப்புதல் வேண்டும். புதுக்கோட்டை மண்ணையே அடுக்குக் குலையாமல் பெயர்த்து அதனுள் வைத்தல் வேண்டும். உளுந்தோடு நில்லாது, நம் கோயிற்காடுகளின் செடிகொடிகளும் அங்கு ஆயப்பெறல் வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கசாப் புயல் இம் மாவட்டத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. வீழ்ந்தபின் இழப்பை எண்ணுவது கணக்கு. வருமுன் அறிவதே அறிவியல்.

அவ்வாய்வின் முடிவு ஆங்கிலத் தாளில் அடங்கிக் கிடத்தலும் கூடாது. எவன் வயலில் வெம்மை இறங்குகின்றதோ, அவன் மொழியில் விடை இறங்குதல் வேண்டும். மண் நம்முடையது, அதனைப் பற்றிய அறிவும் நம்முடையதாகுக!