வால்பாறையில் இரண்டு நாள்

நம் ஏட்டில் ஊர் சுற்றிப் பார்த்த கதைகளை எழுதுவது வழக்கமில்லை. அதற்கென்று வண்ணப் படங்களோடு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. ஆயினும் ஒரு வேலையாக வால்பாறைக்குப் போன நாம், அன்று மாலையே இறங்கிவிட வேண்டும் என்றிருந்தவர்கள், இரண்டு நாள் தங்கிவிட்டோம். வேண்டா வெறுப்பாக ஏறினோம்; மனமில்லாமல் இறங்கினோம். காரணத்தை வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்கிறார்கள். எஸ்டேட் பெண்களோ மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். மேலே போனால் ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் நிலையம், சுற்றிலும் தேயிலை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைத்தெருவில் நின்று பார்க்க வேண்டும். எஸ்டேட்டுகளிலிருந்து ஜனங்கள் வந்து குவிகிறார்கள். நெல்லைத் தமிழ் ஒரு பக்கம், மலையாளம் ஒரு பக்கம், புதிதாக வந்த வடநாட்டுத் தொழிலாளரின் ஹிந்தி ஒரு பக்கம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் "நீங்கள் யார்?" என்று கேட்பதில்லை, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறார்கள். நகரத்தில் இருந்து போன நமக்கு அதுவே பெரிய விருந்து.

நம்மை அதிசயிக்க வைத்தது ஒரு சிவப்பு விளக்கு. சாலையோரக் கம்பத்தில் அது எரிந்தால் அக்கம்பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். யானையைக் கண்டவர் கைப்பேசியில் அழைத்து அந்த விளக்கை எரிய விடலாம். குறுஞ்செய்தியும் போகிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு வனத் துறையோடு சேர்ந்து 2011-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஏற்பாடு இது. கடைசி பஸ்ஸில் வீடு திரும்புகிறவர் விளக்கைப் பார்த்து நிதானிக்கிறார். முகம் தெரியாத ஒருவர் இன்னொருவரின் உயிரைக் காக்கிற இந்தச் சிறு காரியம், காட்சி முனைகள் அத்தனையையும் விட அழகாக நமக்குப் பட்டது. சிறுத்தைக்கு அப்படி விளக்கு இல்லை. 2024-லும் 2025-லும் வடமாநிலத் தொழிலாளரின் குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிச் சென்றதை அந்த ஜனங்கள் மறக்கவில்லை.

இந்தப் பச்சைக் கம்பளம் தானாக விரிந்ததல்ல. 1890-களில் வெள்ளைத் துரைமார் காட்டை அழிக்கத் தொடங்கினார்கள். அழித்த கைகள் கங்காணிகள் முன்பணம் கொடுத்துப் பிடித்து வந்த ஏழைகளுடையவை. மலேரியாவிலும் குளிரிலும் மடிந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் நட்டதுதான் தேயிலை. இங்கே டாக்டராக வேலை பார்த்து, தொழிற்சங்கமும் கண்ட பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. மலையேறுமுன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

லைன் வீட்டு வாசலில் ஒரு மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு கலகலப்பாகத்தான் போயிற்று. நாம் கொழுந்து கிள்ளும் லட்சணத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டைப் பற்றிக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. "வேலை முடிஞ்சா காலி பண்ணணுங்க. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், ஒத்தை ரூம்பு. எங்க தாத்தா ஊரு திருநெல்வேலிப் பக்கமாம். அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு இந்த மலையில் ஒரு சென்ட் மண் சொந்தமில்லை. இரண்டு இரவு தங்க வந்த நமக்கோ மெத்தையும் வெந்நீரும் கிடைத்தன. எஸ்டேட் நிலம் குத்தகை, அப்பால் புலிகள் காப்பகம், யானை நடமாடும் இடம், எங்கே வீடு கட்டுவது என்று அதிகாரிகள் சொல்வார்கள். தங்கும் விடுதி எழும்பும்போது இந்தக் கவலை ஏன் வருவதில்லை? யானை எந்தத் தடத்தில் வரும் என்பது அந்த மூதாட்டிக்குத் தெரியாததா? யானைக்கு வழி விட்டுப் பிழைத்தவர்களுக்கு, யானை வராத இடமாகப் பார்த்து வீட்டுமனை ஒதுக்க சர்க்கார் முன்வர வேண்டும். நிர்வாகங்களும் அதற்கு நிலம் விட வேண்டும்.

மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டார். தை மாதம் என்று சொல்லியிருக்கிறோம். அப்போது அவர் அந்த வீட்டில் இருப்பாரா என்று அவருக்கும் தெரியவில்லை.